ப்ருலெயெஸ்: தேரை விட்டு இறங்கியவர்கள்

ஹோமரின் இலியட், கிரேக்கருக்கும் டிராய் நகரத்தாருக்கும் நடந்த போரைப் பாடும், சுமார் 15,700 அடிகள் கொண்ட கிரேக்கக் காவியம். 'ப்ருலெயெஸ்' என்ற சொல் அதில் 5 இடங்களில்தான் வருகிறது. கிரேக்க அகராதிகள் 'காலாட்கள்' என்று ஒரு வரியில் பொருள் தந்துவிட்டு நகர்ந்துவிடும். பொருளில் பிழை இல்லை. ஆனால் காலாள் என்றதும் நம் மனம் தேரில் வரும் தலைவர்களை ஒரு பக்கமும் நடந்து வரும் சாமானியர்களை மறுபக்கமும் நிறுத்திவிடுகிறது. 5 இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அந்தப் பிரிவினை நிலைப்பதில்லை. ஹோமரின் போரைப் புரிந்துகொள்ள இது மிக முக்கியமான இடம் என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதலில் 11-ஆம் காண்டம், 49-ஆம் அடி. பொழுது விடிகிறது, கிரேக்கர் தலைவன் அகமெம்னான் கவசம் பூண்டு நிற்கிறான். கிரேக்கர் பாசறையைக் காக்க ஒரு மதில், மதிலுக்கு வெளியே அகழி. ஒவ்வொரு தலைவனும் தன் தேர்ப்பாகனை அழைத்து, குதிரைகளை அகழியோரத்தில் வரிசை குலையாமல் நிறுத்திவைக்கச் சொல்கிறான். உடனே அடுத்த அடி: 'அவர்களோ ப்ருலெயெஸாக, படைக்கலன்களுடன் கவசம் பூண்டு' விரைந்தார்கள். இந்த 'அவர்கள்' யார்? பாகனுக்குக் கட்டளையிட்டவர்கள். தேரும் குதிரையும் வைத்துப் பேணும் வசதி படைத்த குலத்தலைவர்கள். இங்கே ப்ருலெயெஸ் என்பது அவர்களே. தேர்களுக்கு வெகு முன்னதாகவே அவர்கள் அகழியோரம் அணிவகுத்துவிட, தேர்கள் சற்றுப் பின்னால் வந்தன என்றும் கவிஞர் சேர்த்துச் சொல்கிறார்.

அடுத்த காண்டத்தில் இதே அடி எழுத்துப் பிசகாமல் மறுபடி வருகிறது, இம்முறை எதிரணியில். டிராய் வீரர்கள் அகழியை எட்டிவிட்டார்கள். தேரோடு தாண்டிவிட வேண்டும் என்று அவர்கள் தலைவன் ஹெக்டர் துடிக்கிறான். குதிரைகளோ விளிம்பில் நின்று கனைக்கின்றன, இறங்க மறுக்கின்றன. ஹெக்டரின் தோழன் பொலிடாமஸ் தடுக்கிறான். அவன் அடுக்கும் காரணங்கள் ஒரு களப்பொறியாளனுடையவை: அகழிக்குள் கூர்மரங்கள் நட்டிருக்கின்றன, அதைத் தாண்டியதும் மதில், இடையில் உள்ள நிலம் குறுகல், அங்கே தேரைவிட்டு இறங்கவும் முடியாது, தேரில் நின்று பொரவும் முடியாது, கிரேக்கர் திரும்பித் தாக்கினால் நாம் அகழிக்குள் சிக்குவோம், ஊருக்குச் செய்தி கொண்டுபோகக்கூட ஒருவன் மிஞ்சமாட்டான். ஆகவே பாகர்கள் குதிரைகளை இங்கேயே பிடித்துக்கொள்ளட்டும், நாம் 'ப்ருலெயெஸாக' ஒன்றுதிரண்டு ஹெக்டரின் பின்னே செல்வோம் என்கிறான்.

ஹெக்டர் ஏற்றுக்கொள்கிறான். டிராய்ப் படை 5 பிரிவாகப் பிரிகிறது. ஹெக்டரும் பொலிடாமஸும் ஒன்றுக்கு; பாரிஸ் இன்னொன்றுக்கு; ஹெலெனஸ், டெய்ஃபோபஸ், ஆசியஸ் மூன்றாவதுக்கு; ஈனியாஸ் நான்காவதுக்கு; லிசியர் உள்ளிட்ட நட்புப்படைக்கு சார்ப்பெடான். இவர்களில் ஆசியஸ் ஒருவன் மட்டும் தேரை விட மறுக்கிறான். இடப்பக்க வாயிலை நோக்கித் தேரோடு பாய்கிறான். 'மூடன், இனி அவன் அந்தத் தேரில் டிராய்க்குத் திரும்பப் போவதில்லை' என்று அப்போதே சொல்லிவிடுகிறார் ஹோமர். 13-ஆம் காண்டத்தில் கிரேக்கத் தலைவன் இடோமெனியஸின் ஈட்டி அவன் தாடைக்குக் கீழே தொண்டையில் இறங்குகிறது. அந்த நேரத்தில் அவனும் தரையில்தான் நிற்கிறான். குதிரைகள் அவன் தோளில் மூச்சு விடும் நெருக்கத்தில் பின்னால் நிற்கின்றன. பாகன் திகைத்துப்போய்த் தேரைத் திருப்பத் தவறுகிறான். கிரேக்க வீரன் அன்டிலொகஸ் அவனையும் குத்தி வீழ்த்தித் தேரை ஓட்டிக்கொண்டு போகிறான்.

பொலிடாமஸின் கணக்கு எவ்வளவு சரி என்பது 16-ஆம் காண்டத்தில் தெரிகிறது. இடையில், 15-ஆம் காண்டத்தில், டிராய்க்குத் துணைநின்ற தெய்வம் அப்போலோ அகழியின் கரைகளை உதைத்துச் சரித்துப் பாதை அமைத்துத் தர, டிராயர் தேர்களோடு உள்ளே நுழைந்திருந்தார்கள். கிரேக்க மாவீரன் அக்கிலீஸின் தோழன் பட்ரோக்ளஸ் விரட்டியதும் அதே தேர்கள் அகழிக்குத் திரும்பி ஓடுகின்றன. ஏர்க்கால்கள் முறிகின்றன, முறிந்த இடத்திலேயே எசமானர்களின் தேரை விட்டுவிட்டுக் குதிரைகள் பிய்த்துக்கொண்டு ஓடுகின்றன. ஆக, தேரில் இருப்பதா தரையில் நிற்பதா என்பதை ஹோமரில் நிலமும் தேவையும் முடிவு செய்கின்றன. பிறப்புக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ப்ருலெயெஸ் என்ற சொல் குறிப்பது அந்த நிலையை: தேரை விட்டுக் காலூன்றி, கூட்டமாக நிற்கும் நிலை.

இரு காண்டங்களிலும் வரும் அந்த அடியின் ஓசையைக் கவனிப்பது நல்லது. ஹோமரின் யாப்பில் ஓர் அடிக்கு 6 சீர். ஐந்தாம் சீர் பெரும்பாலும் ஒரு நெட்டசையும் இரு குற்றசையுமாகத் துள்ளி ஓடும். இந்த அடியில் அப்படி இல்லை. 'கவசம் பூண்டு' என்று பொருள்படும் 'தோரேக்தெந்தெஸ்' என்ற ஒரே சொல் ஐந்தாம் ஆறாம் சீர்களை முழுதாக அடைத்துக்கொள்கிறது. ஐந்தாம் சீரில் குற்றசையே கிடையாது. கனத்த வெண்கலத்தோடு நடப்பவர்களின் அடி அது. காலாட்களுக்கு ஹோமர் பெரும்பாலும் ஆளும் சொல் 'பெட்சோய்', அதாவது கால்நடையாகச் செல்வோர். அதில் இரண்டுமே நெட்டசை. 'ப்ருலெயெஸ்' குறில், குறில், நெடில் என்று போகிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் அடி உடையும். பேச்சுவழக்கில் செத்துப்போன சொற்கள் காவிய மரபில் நூற்றாண்டுக் கணக்கில் உயிரோடு இருந்ததற்கு இப்படிப்பட்ட யாப்புத் தேவை ஒரு பெரிய காரணம். வாய்மொழிப் பாடகனுக்கு ஆயத்த அடிகளே முதல். அந்த அடிக்குள் உட்கார்ந்துவிட்ட சொல்லை அவன் எளிதில் மாற்றமாட்டான்.

மீதி 3 இடங்கள். 15-ஆம் காண்டத்தில் கிரேக்க வீரன் அஜாக்ஸ், டிராய்க்காரன் ஆன்டீனோரின் மகன் லாவோடமாஸைக் கொல்கிறான். அவனை 'ப்ருலெயெஸின் தலைவன்' என்கிறது 517-ஆம் அடி. இங்கே மட்டும் அது ஒரு தனிப் பிரிவின் பெயர் போலத் தோன்றும். ஆனால் அப்போதைய களநிலை என்ன? அப்போலோ போட்ட பாதை வழியாக டிராயரின் தேர்கள் கப்பல்கள் வரை வந்துவிட்டன. அவர்களில் ஒரு பகுதியினர் தேரில் நின்றும், கிரேக்கர் கப்பல் மேலிருந்து நீண்ட கடற்போர் ஈட்டிகளாலும் பொருகிறார்கள். அஜாக்ஸின் கையில் இருந்த அந்த ஈட்டி 22 முழம். தேர்கள் களத்துக்குள் இருக்கும் வேளையில், தரையில் நிற்பவர்களை நடத்தும் தலைவனைத் தனியே குறிக்க வேண்டிய தேவை வருகிறது. அவ்வளவே.

21-ஆம் காண்டத்தில் பேசுவது டிராய் இளவரசன் லைக்கேயன். ஆயுதம் இல்லாமல் அக்கிலீஸின் முழங்காலைப் பிடித்துக் கெஞ்சுகிறான்: என் தம்பி பொலிடோரஸை 'முதல் ப்ருலெயெஸின் நடுவே' ஏற்கெனவே கொன்றாய். அந்தச் சாவு முந்திய காண்டத்திலேயே விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தந்தை தடுத்தும் கேளாமல், தன் கால் வேகத்தைக் காட்ட 'ப்ரொமகோய்' நடுவே, அதாவது முன்னணி வீரர்களுக்கிடையே, ஓடினான். இடுப்புப் பட்டையின் கொக்கிகள் கூடும் இடத்தில் ஈட்டி பாய்ந்தது. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு சொற்கள். இதை வைத்துத்தான் ப்ருலெயெஸ் என்றாலே முன்னணி வீரர்தான் என்று பண்டைய உரையாளர் சிலர் எழுதினார்கள். அது பொருந்தாது. சொல்லுக்கே அந்தப் பொருள் இருந்தால் 'முதல்' என்ற அடை வீண். காலாட்களில் முன்வரிசையில் நின்றவர்கள் என்பதே இயல்பான பொருள்.

5-ஆம் காண்டத்தின் 744-ஆம் அடி இவற்றில் மிகக் கடினமானது. தேவி அதீனா போருக்குக் கிளம்புகையில் பொன் தலைக்கவசம் அணிகிறாள். அது 'நூறு நகரங்களின் ப்ருலெயெஸோடு பொருந்தியது'. நூறு நகரத்துக் காலாட்களின் உருவங்கள் பதித்தது என்று சிலரும், அத்தனை பேரையும் மூடும் அளவுக்குப் பெரியது என்று சிலரும் கொள்கிறார்கள். கலைப்பொருளைப் பற்றிய அடி என்பதால் முதல் பொருளே எனக்குச் சரியாகப் படுகிறது. இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இலியட்டின் 2-ஆம் காண்டத்தில் கிரேக்கப் படைகளை ஊர்வாரியாகச் சொல்லும் கப்பல் பட்டியலில் 'நூறு நகரங்கள் கொண்டது' என்ற அடைமொழி ஒரு தீவுக்குக் கிடைக்கிறது: கிரீட்.

பண்டைய உரைமரபு ப்ருலெயெஸ் என்ற சொல்லைச் சேர்ப்பதும் கிரீட்டோடுதான். தீவின் தெற்கே மெசாரா சமவெளியில் உள்ள கோர்ட்டின் நகரத்தார் காலாட்களை இப்படி அழைத்தார்கள் என்கிறது ஹோமர் உரை. 12-ஆம் நூற்றாண்டில் தெசலோனிக்காவின் பேராயர் யூஸ்டாதியஸ் எழுதிய பேருரையிலும் இச்செய்தி உண்டு. கோர்ட்டினை ஹோமரும் அறிவார். 'மதில் சூழ்ந்த கோர்ட்டின்' என்பது அதே கப்பல் பட்டியலில் உள்ள தொடர். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் 12 பத்திகளில், சுமார் 600 வரிகளில் கல்லில் வெட்டிய சட்டத்தொகுப்புக்குப் பெயர்போன ஊர் அது. அந்தக் கல்வெட்டின் வட்டார மொழி ஏதென்ஸ் உரைநடைக்குப் பழகியவரைத் திணறடிக்கும். மற்ற இடங்களில் வழக்கொழிந்த ஒரு போர்ச்சொல் அத்தகைய வட்டாரத்தில் தங்கியிருப்பது வியப்பில்லை.

இதே வேரில் இன்னொரு சொல் உண்டு: 'ப்ருலிஸ்', ஆயுதம் ஏந்தி ஆடும் கூத்து. கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் காலிமக்கஸ் ஜீயஸ் துதியில் இதை ஆள்கிறார். கிரீட்டில் ஒளித்து வளர்க்கப்பட்ட குழந்தை ஜீயஸின் அழுகை தந்தை குரோனஸுக்குக் கேட்டுவிடாமல் இருக்க, அவனைக் காத்த கூரெட்டுகள் ஆயுதங்களைத் தட்டி ப்ருலிஸ் ஆடினார்களாம். ஆர்ட்டெமிஸ் துதியில் எபிசஸ் நகரில் மரத்தெய்வத்தைச் சுற்றிப் போர்ப்பெண்களான அமேசான்கள் கேடயத்தோடு அதையே ஆடுகிறார்கள். மற்ற கிரேக்கர் 'பிர்ரிக்' என்று சொல்லும் போர்க்கூத்தைச் சைப்ரஸ் மக்கள் ப்ருலிஸ் என்றார்கள் என்பது அரிஸ்டாட்டில் தந்த குறிப்பு. பட்ரோக்ளஸின் சிதையருகே அதை முதன்முதல் ஆடியவன் அக்கிலீஸ் என்றும் அதே குறிப்புச் சொல்கிறது.

கூத்துக்கும் காலாளுக்கும் உள்ள உறவு வெறும் அலங்காரம் இல்லை. பிர்ரிக் கூத்தின் அசைவுகளைப் பிளேட்டோ தன் சட்டங்கள் நூலில் வரிசைப்படுத்துகிறார்: வெட்டுக்கும் எறிபடைக்கும் விலகிச் சாய்தல், பின்வாங்குதல், மேலே துள்ளுதல், பதுங்கிக் குனிதல்; பிறகு தாக்குதல் பக்கம், அம்பு எய்யும் நிலை, ஈட்டி எறியும் நிலை, குத்தும் நிலை. ஏதென்ஸின் பானதீனிய விழாவில் சிறுவர், இளைஞர், ஆடவர் என மூன்று வயதுப் பிரிவுகளில் போட்டி நடந்தது; பரிசு 100 டிராக்மா மதிப்புள்ள மாடு. தேரில் நிற்பவனுக்குப் பாகன் கால். தரையில் நிற்பவனுக்குத் தன் கால்தான் எல்லாம். கேடயத்தின் எடையைத் தாங்கியபடி உடலைத் திருப்பவும், பக்கத்தில் நிற்பவனை இடிக்காமல் நகரவும் தாளத்தில் பழகினால்தான் உடம்புக்கு ஏறும்.

ஹோமரின் வீரர்களுக்கே இது தெரிந்திருக்கிறது. 7-ஆம் காண்டத்தில் அஜாக்ஸின் முன் ஹெக்டர் தன் தேர்ச்சிகளைச் சொல்கிறான்: உலர்ந்த தோல் கேடயத்தை வலப்புறமும் இடப்புறமும் வீசத் தெரியும், வேகக் குதிரைகளின் நெரிசலுக்குள் பாயத் தெரியும், நின்று பொரும் போரில் போர்த்தெய்வம் அரேஸுக்கு ஆடவும் தெரியும். தேர்ப்போருக்குப் பாய்ச்சல், நிலைப்போருக்கு ஆட்டம் என்று அவனே பிரித்துவிடுகிறான். 16-ஆம் காண்டத்தில் ஈனியாஸ் எறிந்த ஈட்டிக்குக் குனிந்து தப்பிக்கிறான் மெரியோனிஸ். 'நீ ஆட்டக்காரனாகவே இரு. பட்டிருந்தால் என் ஈட்டி உன்னை நிரந்தரமாக நிறுத்தியிருக்கும்' என்று ஏசுகிறான் ஈனியாஸ். ஏச்சு வாங்கிய மெரியோனிஸ் கிரீட்டைச் சேர்ந்தவன். குனிந்து விலகும் அந்த அசைவு பிளேட்டோ சொல்லும் பட்டியலிலேயே உள்ளது. ப்ருலெயெஸ், ப்ருலிஸ், கிரீட் மூன்றையும் ஒன்றாகக் கட்டும் இடமாக நான் இதைத்தான் கருதுகிறேன்.

களத்தில் இந்தக் காலாட்கள் எப்படி நின்றார்கள்? இலியட் தரும் விவரங்கள் பலர் நினைப்பதைவிட நிறைய. 4-ஆம் காண்டத்தில் முதிய கிரேக்கத் தலைவன் நெஸ்டர் முன்னால் தேர்களையும், பின்னால் போருக்கு மதில்போல் நிறைய நல்ல காலாட்களையும் நிறுத்தி, கோழைகளை நடுவில் தள்ளுகிறான்; முன்னும் பின்னும் அடைபட்டால் விருப்பமில்லாதவனும் பொருதே ஆக வேண்டும். 13-ஆம் காண்டத்தில் ஹெக்டரின் பாய்ச்சலைத் தடுக்க நெருங்கி நிற்கும் கிரேக்க அணியில் கேடயம் கேடயத்தில் சாய்கிறது. தலையசைத்தால் தலைக்கவசக் கொண்டைகள் உரசுகின்றன. 16-ஆம் காண்டத்தில் அக்கிலீஸின் படையினரான மிர்மிடன்கள் காற்றுப் புகாதபடி கல் அடுக்கிய சுவர் போல் நெருங்குகிறார்கள். அவர்கள் 50 கப்பலில், கப்பலுக்கு 50 பேராக வந்தவர்கள், 5 தலைவர்களின் கீழ். இந்த நெருக்கம் நீடிப்பதில்லை. ஒருவன் வீழ்ந்ததும் அவன் கவசத்தை உருவ ஆட்கள் முன்னே பாய்வார்கள், உடலை மீட்க மறுதரப்பு பாயும், வரிசை கலையும். உருவக் குனிந்தவனின் விலா கேடயத்துக்கு வெளியே தெரிய, அங்கேயே குத்து விழும். 4-ஆம் காண்டத்தில் கிரேக்கத் தலைவன் எலெஃபெனோர் சாவது சரியாக இப்படித்தான்.

இந்தக் கூட்டப்போர் எந்தக் காலத்துடையது என்பது நெடிய விவாதம். 1977-இல் ஜெர்மன் அறிஞர் யோவாகிம் லாட்டாட்ஸ், இலியட்டில் முடிவைத் தீர்மானிப்பது தனி வீரர் மோதலைவிடப் பெருங்கூட்டத்தின் போர்தான் என்று அடி அடியாகக் காட்டினார். கலைந்தும் கூடியும் நடக்கும் தளர்ந்த அணியே ஹோமரின் போர் என்று ஹான்ஸ் வான் வேஸ் மறுத்தார். ப்ருலெயெஸ் வரும் அடிகளை வைத்துப் பார்த்தால், அகழியோரத்தில் லாட்டாட்ஸ் சொல்வதும், சடலங்களைச் சுற்றி வான் வேஸ் சொல்வதும் பொருந்துகின்றன.

ஹோமருக்கு முந்திய வெண்கலக் காலத்தில் காலாட்களை எண்ணி எழுதிய ஆவணமே இருக்கிறது. கி.மு. 1200 வாக்கில் தீப்பற்றி அழிந்த பைலோஸ் அரண்மனையின் களிமண் பலகைகளில் 5, கடற்கரைக் காவல் பற்றியவை. 'காவலர் கரையைக் காக்கும் விதம்' என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் 10, 20, 30, 50 என்று ஆட்கள் இடம் வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளார்கள். மொத்தம் சுமார் 800 பேர். பிரிவுத் தலைவர்களுக்குப் பெயர் உண்டு. காவலர்களுக்கு எண் மட்டும். மைசீனியில் கிடைத்த கி.மு. 12-ஆம் நூற்றாண்டுப் 'போர்வீரர் கலயத்தில்' 6 காலாட்கள் ஒரே முகத்தோடு ஒரே அடியில் நடக்கிறார்கள். ஈட்டியில் கட்டுச்சோற்று மூட்டை போன்ற ஒரு பை தொங்குகிறது.

இலியட்டும் இதில் வேறில்லை. 2-ஆம் காண்டத்தில், பத்து நாக்கும் பத்து வாயும் இருந்தாலும் பெருங்கூட்டத்தின் பெயர்களைச் சொல்ல முடியாது, தலைவர்களை மட்டும் சொல்கிறேன் என்று கவிஞர் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார். ப்ருலெயெஸ் ஹோமரில் எப்போதும் பன்மை. ஒருமையில் ஓரிடமும் இல்லை. அகழியோரத்தில் தேரை விட்டு இறங்கிய அந்தக் கணம், பெயருள்ள தலைவனும் பெயரில்லாத கூட்டத்தில் ஒருவனாகிறான். பொலிடாமஸ் கேட்பதும் அதைத்தான்: எல்லோரும் ஒன்றாக.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் உரைநடையில் இச்சொல் இல்லை. அங்கே காலாள் 'ஹோப்ளைட்'. அவன் கேடயம் சுமார் 90 செ.மீ. விட்டம், 6 முதல் 8 கிலோ. முழங்கை ஒரு பட்டைக்குள் நுழையும், விரல்கள் விளிம்பருகே உள்ள கயிற்றைப் பிடிக்கும். ஆகவே கேடயத்தின் இடப்பாதி அவன் உடலைத் தாண்டி நீளும். ஒவ்வொருவனும் தன் திறந்த வலப்பக்கத்தை அடுத்தவன் கேடயத்தருகே ஒடுக்க முயல்வதால் எல்லாப் படையும் நடக்கையில் வலப்புறம் நழுவும் என்று கி.மு. 418 மாண்டினியா போரை விவரிக்கையில் வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். ஸ்பார்ட்டர்கள் குழலிசைக்கு அடிவைத்து மெதுவாக நடந்தார்கள். நெருங்கும்போது பெரிய படைகள் வரிசை கலைந்துவிடும், அதைத் தடுப்பதே நோக்கம், சமயச் சடங்கு அல்ல என்றும் அவரே விளக்குகிறார்.

அரிஸ்டாட்டில் அரசியல் நூலின் 4-ஆம் பகுதியில் ஒரு கருத்தை வைக்கிறார். மன்னராட்சிக்குப் பின் கிரேக்கரிடையே முதலில் ஆண்டவர்கள் குதிரைவீரர்கள். அணி ஒழுங்கு இல்லாத காலாள்படை பயனற்றது, முன்னோரிடம் அந்த ஒழுங்கும் அதற்கான அனுபவமும் இல்லை. நகரங்கள் வளர்ந்து காலாட்கள் வலுப்பெற்றதும் ஆட்சியில் பங்கு பெற்றவர்களும் பெருகினார்கள் என்கிறார். பிற்பாதியை ஏற்கலாம். முற்பாதியை இலியட் ஏற்கவிடவில்லை. பொலிடாமஸின் 5 பிரிவும் நெஸ்டர் வகுத்த அணியும் ஒழுங்கறியாதவர்கள் கற்பனை செய்யக்கூடியவை அல்ல. காலாள் அணியை எங்கே நிறுத்துவது, தேரை எங்கே விடுவது, விட மறுப்பவனுக்கு என்ன நேரும் என்பதெல்லாம் அந்தப் பாடகர்களுக்கும் கேட்டவர்களுக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் ஆசியஸை 'மூடன்' என்று ஒரு சொல்லில் கடந்து போயிருக்க முடியாது.